ஃபோர்ட் ரைலி பக்கத்துச் சிற்றூர்களில் குடியிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ரைலி என்ற ராணுவ முகாம் இருக்கிறது. அதைச் சுற்றி ஜங்ஷன் சிட்டி, ஆக்டன், மில்ஃபோர்ட், சாப்மன் என்று சின்னச் சின்ன ஊர்கள். கொஞ்சம் பெரியது மேன்ஹாட்டன். இங்கே குடிவரப் போகிற தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் மேன்ஹாட்டனில் உள்ள கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள், சிலர் மருத்துவர்கள், ஓரிருவர் ராணுவக் குடும்பம். நான் எட்டு வருஷமாக ஜங்ஷன் சிட்டிவாசி. எங்கள் வீட்டில் யாரும் ராணுவத்தில் இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு ராணுவம்தான்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? நியூயார்க் மேன்ஹாட்டனா?

இல்லை. விமானச் சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயரை இரண்டு முறை பாருங்கள். கான்சஸ் சிட்டியிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஜங்ஷன் சிட்டி வரும். அங்கிருந்து மேன்ஹாட்டன் சுமார் 20 மைல். மேன்ஹாட்டனில் சின்ன விமான நிலையம் ஒன்று உண்டு.

ஜங்ஷன் என்றதும் ரயில்தானே நினைவுக்கு வரும்? இது ரயில் ஜங்ஷன் இல்லை. ஸ்மோக்கி ஹில், ரிபப்ளிகன் என்ற இரண்டு ஆறுகள் கூடி கான்சஸ் ஆறு தொடங்குகிற இடம். நம் வார்த்தையில் சொன்னால் கூடுதுறை.

முகாமை பேஸ் என்று சொல்வதா, போஸ்ட் என்று சொல்வதா?

தரைப்படைக்கு போஸ்ட், விமானப்படைக்கு பேஸ். மாற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், திருத்துவார்கள்.

முகாம் எவ்வளவு பெரியது?

1853-இல் தொடங்கியது. பரப்பு 1 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். ‘பிக் ரெட் ஒன்’ என்று அழைக்கப்படும் முதலாம் காலாட்படைப் பிரிவின் வீடு இதுதான். வீரர்கள் சுமார் 15,000 பேர், அவர்களுடைய குடும்பங்கள் தனி. 2020 கணக்கெடுப்பின்படி ஜங்ஷன் சிட்டியின் மக்கள்தொகையே சுமார் 23,000தான் என்றால், யாரை நம்பி யார் இருக்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

எந்த ஊரில் வீடு பார்க்கலாம்?

பல்கலைக்கழகத்தில் வேலை, பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் என்றால் மேன்ஹாட்டன். வாடகை கூடுதல்தான். ஆனால் நடந்து போகக் கடைத்தெரு இருக்கிறது, பேச்சுத்துணைக்கு நம்மவர்கள் கிடைப்பார்கள். அதே வாடகைக்கு ஒரு அறை அதிகம் வேண்டும், தோட்டம் வேண்டும் என்றால் ஜங்ஷன் சிட்டி. ஆக்டன் இரண்டுக்கும் நடுவே, முகாம் வாசலை ஒட்டி இருக்கிறது. 2,000 பேர்கூட இல்லாத ஊர். தனியாக வருகிறவர்களுக்குச் சரி. மில்ஃபோர்ட் ஏரிக்கரை ஊர், மீன் பிடிக்கப் பிரியப்படுகிறவர்கள் அங்கே போவார்கள். சாப்மன் ஐ-70 ஓரத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள விவசாய ஊர்.

வாடகை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகாமுக்கு வெளியே குடியிருக்கும் வீரர்களுக்கு அரசு வீட்டுப்படி தருகிறது. பதவி, ஊர், குடும்பம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆண்டுதோறும் ஜனவரியில் புதிய தொகை வரும், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியிடுவார்கள். வீட்டுக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள். அதனால் வாடகை, வீடு எப்படி இருக்கிறது என்பதைவிட, ஒரு சார்ஜன்ட்டின் வீட்டுப்படி எவ்வளவு என்பதை ஒட்டியே நிற்கும். உங்களுக்கு அந்தப் படி கிடையாது. பேரம் பேசுங்கள். குறிப்பாகக் குளிர்காலத்தில் வீடு காலியாகக் கிடந்தால் இறங்கி வருவார்கள்.

அடுத்தது ஒப்பந்தம். வீரருக்கு இடமாற்ற ஆணை வந்தாலோ, 90 நாளோ அதற்கு மேலோ வெளியே அனுப்பினாலோ, வாடகை ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொள்ளக் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் அறிவித்து ஆணையின் நகலைக் கொடுத்தால் போதும். அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடியும். இந்த ஊர் ஒப்பந்தப் படிவங்களில் இது எப்படியும் அச்சாகி இருக்கும். அதைப் படித்துவிட்டு, ‘சரி, நாமும் வேலை மாறினால் கிளம்பிவிடலாம்’ என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களைத் தெரியும். அது ராணுவத்தினருக்கு மட்டும். உங்களுக்கு அப்படி ஒரு வசதி வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

முன்பணம்: சாமான் இல்லாத வீட்டுக்குக் கான்சஸ் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நாய், பூனை இருந்தால் இன்னும் அரை மாதம் சேர்க்கலாம். காலிசெய்து 30 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். எங்கள் முதல் வீட்டுக்காரர் கார்ப்பெட்டில் மஞ்சள் கறை என்று முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். கறை நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. சாவி வாங்கிய அன்று எடுத்த புகைப்படத்தில் அதே மூலையில் அதே கறை. படத்தை அனுப்பியதும் பேச்சு நின்றது, பணம் வந்தது. (மஞ்சள் கறை என்றதும் நம் சமையல்மேல் சந்தேகம் வருவது இயற்கைதான்.) ஆகவே சாமான் இறக்கும் முன்பு படம் எடுங்கள்.

வீடு வாங்கலாமா?

இந்த ஊரில் வீட்டு விலை ஏறுவதும் இறங்குவதும் வாஷிங்டனில் முடிவாகிறது. முதலாம் காலாட்படைப் பிரிவு 1955-இலிருந்து இங்கே இருந்தது. 1996-இல் அதன் தலைமையகம் ஜெர்மனிக்குப் போனது. 2006-இல் திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன என்று நம்பி ஜங்ஷன் சிட்டி நகராட்சி கடன் வாங்கி மனைப் பிரிவுகளுக்குச் சாலையும் கழிவுநீர்க் குழாயும் போட்டது. எதிர்பார்த்த வேகத்தில் வீடு விற்கவில்லை, கூடவே 2008 நிதி நெருக்கடியும் வந்தது. கடன் ஊர்த்தலையில் விழுந்தது. ஊர் எல்லைக்குப் போனால் தெருவிளக்கும் நடைபாதையும் போட்டு வீடு கட்டப்படாத மனைகளைப் பல வருஷம் பார்க்க முடிந்தது.

இன்னும் பழைய கதையும் உண்டு. 1855-இல் கான்சஸின் முதல் சட்டமன்றம் பானி என்ற ஊரில் கூடியது. சில நாள்தான் நடந்தது. அந்த ஊர் ராணுவ நிலத்துக்குள் வருகிறது என்று சொல்லிக் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். சட்டமன்றம் கூடிய கல் கட்டடம் மட்டும் இன்றும் முகாமுக்குள் நிற்கிறது.

ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பது உறுதி என்றால் வாங்குங்கள். இரண்டு வருஷம் என்றால் வாடகையே மேல். என் கருத்து அவ்வளவுதான்.

குண்டுச் சத்தம் கேட்குமா?

கேட்கும். பீரங்கி, டாங்கி பயிற்சி நடக்கிற நாட்களில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தால் ‘கிணுகிணு’ என்று அவை முதலில் சொல்லிவிடும், சத்தம் அப்புறம்தான் காதுக்கு எட்டும். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் சத்தம் இன்னும் தூரம் போகும். இரவிலும் பயிற்சி நடக்கும். பெரிய பயிற்சி என்றால் முகாமிலிருந்து முன்கூட்டியே அறிவிப்பு வரும்.

என் அம்மா வந்திருந்த ஜூன் மாதம், பின்கட்டில் பழைய வேட்டி விரித்துக் கூழ்வற்றல் பிழிந்து வைத்திருந்தார். மத்தியானம் ‘டும்... டும்...’ என்று தொடங்கியது. ‘இடி இடிக்குது, எடு எடு’ என்று வேட்டியை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வற்றல் எல்லாம் ஒட்டி ஒரே உருண்டை. ஒரு வாரத்தில் அம்மாவுக்கே பழகிவிட்டது. ‘இது அவங்க சத்தம், இது மழை’ என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

ஹெலிகாப்டர்களும் உண்டு. முகாமுக்குள்ளேயே ராணுவ விமானத்தளம் இருக்கிறது. தாழப் பறக்கும்போது கைபேசிப் பேச்சை நிறுத்தி வைத்து, போனபின் தொடர்வது இங்கே எல்லாருக்கும் வழக்கம்.

முகாமுக்குள் போகலாமா?

ராணுவ அடையாள அட்டை இல்லாதவர்கள் பார்வையாளர் மையத்தில் பதிந்து, பின்னணிச் சோதனை முடித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் தனியாகப் போய் நின்றால் பெரும்பாலும் நடக்காது, உள்ளே இருப்பவர் ஒருவர் பொறுப்பேற்று அழைத்துப் போக வேண்டும். வரைபடச் செயலி குறுக்குவழி என்று முகாம் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பதற வேண்டாம், ‘வழி தவறிவிட்டேன்’ என்றால் காவலர் திரும்பிப் போக வழி காட்டுவார்.

உள்ளே போனால் இரண்டு விஷயம். காலை ஆறரைக்குத் தொடங்கும் உடற்பயிற்சி நேரத்தில் வீரர்கள் சாலையிலேயே அணியாக ஓடுவார்கள், அவர்களைக் கடக்கும்போது ஊர்ந்துதான் போக வேண்டும். மாலை 5 மணிக்குக் கொடியிறக்க ஊதல் கேட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். சுற்றியுள்ளவர்கள் இறங்கி நின்றால் நீங்களும் இறங்கி நில்லுங்கள்.

முகாமில் வேலை கிடைக்குமா?

சிவிலியன் வேலைகள் நிறைய உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் குடியுரிமை கேட்பார்கள். விசாவில் இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும்தான் வழி. மேன்ஹாட்டனில் தேசிய உயிரியல் மற்றும் வேளாண் பாதுகாப்பு ஆய்வகம் 2023-இல் திறக்கப்பட்டது. கால்நடை நோய் ஆராய்ச்சிக்காரர்கள் அதைக் கேட்டு வருகிறார்கள், அங்கும் குடியுரிமை விதியை முதலில் பாருங்கள்.

பிள்ளைகளின் பள்ளி எப்படி?

நன்றாக இருக்கிறது. முகாமுக்குள் இருக்கும் பள்ளிகளையும் ஜங்ஷன் சிட்டிப் பள்ளிகளையும் ஒரே பள்ளி மாவட்டம்தான் நடத்துகிறது. மேன்ஹாட்டனும் ஆக்டனும் சேர்ந்து வேறொரு மாவட்டம். அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பகுதி சொத்து வரியிலிருந்து வரும். ராணுவ நிலத்துக்கு வரி கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூட்டரசு 1950-இலிருந்து தனி நிதி தருகிறது. சேர்க்கும்போது பெற்றோர் எங்கே வேலை என்று ஒரு படிவம் வரும். அது வேவு பார்க்க இல்லை, இந்த நிதிக் கணக்குக்காக. நிரப்பிக் கொடுங்கள்.

வருஷ நடுவில் வந்து சேருகிற பிள்ளையை இந்த ஊர் ஆசிரியர்கள் கையாளுகிற விதமே வேறு. என் மகன் பிப்ரவரியில் சேர்ந்தான். முதல் நாள் அவனைச் சாப்பாட்டுக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஒரு பையனை நியமித்திருந்தார்கள். அந்தப் பையனும் வந்து மூன்று மாதம்தான். ‘நான் படித்தவற்றில் இது நாலாவது பள்ளி’ என்று பெருமையாகச் சொன்னானாம். அதுவரைக்கும் நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை ராணுவக் குடும்பங்கள் மாற்றலாகிப் போகும். அதை இங்கே ‘பி.சி.எஸ்.’ என்பார்கள். மே மாதம் வந்தால் தெருவில் லாரி நிற்கும். ராணுவப் பிள்ளைகள் போகிறவர்கள், நம் பிள்ளைகள் தங்குகிறவர்கள். ஐந்து வருஷத்தில் என் மகனுடைய உயிர்த் தோழர்கள் மூன்று பேர் போனார்கள். மூன்றாவது முறை அவன் லாரியைப் பார்க்க வெளியே வரவில்லை. அடுத்து வந்த பையனோடு பழக ஒரு வருஷம் எடுத்துக்கொண்டான். பள்ளியில் இதற்கென்று ஆலோசகர்கள் உண்டு. ராணுவப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்காதீர்கள், நாங்கள் தாமதமாகத்தான் போய்க் கேட்டோம்.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை?

பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பாசுமதியும் கொண்டைக்கடலையும் கிடைக்கும். முழு மளிகைக்குக் கான்சஸ் சிட்டிப் பக்கம் ஓவர்லாண்ட் பார்க் போக வேண்டும், இரண்டு மணி நேரம். அதே பக்கம் ஷானியில் இந்துக் கோவில் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டுச் சாமான் வாங்கி வருவது இங்குள்ள எல்லாருக்கும் மாதாந்திரச் சடங்கு.

ஆனால் ஜங்ஷன் சிட்டியின் ரகசியம் கொரியக் கடைகள். கொரியாவில் பணியாற்றி அங்கேயே கல்யாணம் செய்து வந்த வீரர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கின்றன. அந்தப் பாட்டிகளின் கடைகளில் நெத்திலிக் கருவாடு அளவு வாரியாகக் கிடைக்கும், சின்னது தலையோடு, பெரியது குழம்புக்கு. முள்ளங்கி, கீரை, பச்சரிசி எல்லாம் உண்டு. ‘என்ன செய்வாய் இதை வைத்து?’ என்று ஒரு பாட்டி கேட்டார். புளிக்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து நல்ல முள்ளங்கி எனக்கென்று உள்ளே எடுத்து வைக்கப்படுகிறது.

குளிர்காலத்தில் மாவு பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள், இல்லையென்றால் காலையில் யாராவது ஓவனைச் சூடேற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது.

வயலில் சோளம் நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவில் வெள்ளைச்சோள இனத்தை அதிகம் விளைவிப்பது கான்சஸ்தான். இங்கே அதற்கு ‘மைலோ’ என்று பெயர். மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது.

டொர்னேடோ என்கிற சூறைச் சுழல்காற்று பயமா?

ஏப்ரல் முதல் ஜூன் வரை கவனம் தேவை. வானிலை அறிவிப்பில் ‘வாட்ச்’ என்றால் வரக்கூடிய சூழல், ‘வார்னிங்’ என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, உடனே கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு முன்னதற்கு ஓடிப் பின்னதற்கு ஜன்னலில் நின்று படம் எடுக்கிறவர்கள் உண்டு. 2008 ஜூன் 11 இரவு சாப்மன், மேன்ஹாட்டன் இரண்டு ஊரிலும் அடித்தது. சாப்மனில் ஒருவர் இறந்தார், பள்ளிக் கட்டடங்கள் போயின. வீடு பார்க்கும்போது கீழ்த்தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள்ளறை எது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் சுற்றிலும் தீ எரிகிறதே, காட்டுத்தீயா?

இல்லை, வேண்டுமென்றே வைப்பது. இது ஃப்ளின்ட் ஹில்ஸ் புல்வெளி. மண்ணுக்கடியில் பாறை, ஏர் இறங்காது. அதனால்தான் உயரப்புல் பிழைத்தது. மார்ச், ஏப்ரலில் பண்ணைக்காரர்கள் பழைய புல்லைக் கொளுத்துவார்கள். சீடர் மரம் படராது, மாட்டுக்குப் புதுப்புல் வரும். இரவில் குன்றுவரிசையில் நெருப்புக் கோடு நகர்வதை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த வாரங்களில் ஜன்னலைத் திறக்காதீர்கள், துணியையும் வெளியே காயப்போடாதீர்கள்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியாது. அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும், நவம்பரில் அதிகம். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவக் குடும்பங்களோடு எப்படிப் பழகுவது?

அவர்களே முதலில் வந்து கதவைத் தட்டுவார்கள். நேரம் குறைவு என்பதால் ஒரு மாதத்தில் நெருங்கிவிடுவார்கள். கேட்கக் கூடாதவை: போரில் என்ன செய்தாய், யாரையாவது சுட்டாயா. வெளிநாடு போனவர் எந்தத் தேதி திரும்புகிறார் என்பதைப் பொது இடத்திலும் ஃபேஸ்புக்கிலும் பேசாதீர்கள். ஜன்னலில் நீல நட்சத்திரப் பதாகை தொங்கினால் அந்த வீட்டில் ஒருவர் பணியில் இருக்கிறார். பொன் நட்சத்திரம் என்றால் பணியில் இறந்துவிட்டார். ஜூலை 4 வாணவேடிக்கை சிலருக்குப் பழைய நாட்களைக் கிளப்பும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வெடியுங்கள்.

கணவர் ஒன்பது மாதம் வெளியே போயிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். பனி விழுந்த காலையில் அவர் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு வந்துவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களா?

ஜங்ஷன் சிட்டியில் கறுப்பினத்தவர், கொரியர், வீரர்களின் ஜெர்மன் மனைவிகள், லத்தீன் அமெரிக்கர் எல்லாரும் தலைமுறைகளாகக் கலந்திருக்கிறார்கள். நாம் தனியாகத் தெரிவதில்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் இரண்டாம் உலகப்போரில் இதே ஃபோர்ட் ரைலியில் இருந்தபோது, நிறம் காரணமாக அவருடைய அதிகாரிப் பயிற்சி தாமதமானது. படையில் இனப்பிரிவினையை நீக்க ஆணை வந்தது 1948-இல்தான். இன்றும் முகாமை விட்டுத் தள்ளியுள்ள விவசாய ஊர்களில் உற்றுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் வெறும் ஆர்வம்.

தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

மேன்ஹாட்டனில் மாணவர்கள், பேராசிரியர்கள். பொங்கலுக்கு ஒரு கூடம் நிறையும். சீருடையிலும் ஓரிருவரைப் பார்க்கலாம். 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக் குடியுரிமை தந்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-க்குப் பிறகு அதில் புதிதாக ஆள் எடுக்கவில்லை.

கடைக்கு எப்போது போகக் கூடாது?

1, 15 தேதிகளில். சம்பள நாள். முகாம் வாசலுக்கு எதிரே அவசரக் கடன் கடைகளும் பழைய கார்க் கடைகளும் வரிசையாக இருக்கும். வீரர்களுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி போடச் சட்டம் விடாது. அந்தக் காப்பு உங்களுக்கு இல்லை. உள்ளே நுழையாமல் இருப்பதே நல்லது.

என்னென்ன வாங்கி வர வேண்டும்?

பிரஷர் குக்கர், கிரைண்டர், வெயிட் வால்வு இரண்டு. மற்றதை வாங்காதீர்கள். மே, ஜூனில் மாற்றலாகிப் போகிறவர்கள் சோபா, மேஜை, சைக்கிள் எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிடுவார்கள். சாமான் ஏற்றும் லாரிக்காரர்கள் திரவம், செடி, கேஸ் சிலிண்டர் இவற்றை ஏற்றமாட்டார்கள். அதனால் கடைசி நாளன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வருவார். இப்போது எங்கள் வீட்டில் பாதி தீர்ந்த மேப்பிள் சிரப் நாலு பாட்டில், துணி சோப்புத் திரவம் ஆறு, இரண்டு கற்றாழை, ஒரு எலுமிச்சை இருக்கிறது. எலுமிச்சை டெக்சாஸிலிருந்து காரில் வந்தது, இங்கே மூன்று வீடு மாறி எங்களிடம் சேர்ந்திருக்கிறது. போன மாதம் முதல் காய் விட்டது. படம் எடுத்து, செடியைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அனுப்பினேன். அவர் இப்போது ஹவாயில்.